உடைந்த கத்திகளின் பெட்டி

போன இதழில், படைவீரர்களுக்காகக் கையால் செய்யப்படும் கத்திகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ‘கேள்வி இருந்தால் எழுதுங்கள்’ என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தது ஆசிரியர், அனுபவிப்பது நான். 17 ஆண்டுகள் காலாட்படையில் இருந்தேன். அதன் பிறகு 22 ஆண்டுகளாக உலையும் சாணையுமாக இருக்கிறேன். என் பட்டறை மேசைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உடைந்துபோன கத்திகளை அதில் போட்டு வைத்திருக்கிறேன். பிறர் செய்தவையும் உண்டு, நான் செய்தவையும் உண்டு. கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தவை.

கே: படையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கொல்லரிடம் எனக்கென்று தனியாகக் கத்தி செய்யச் சொல்லப் போகிறேன். படம் இணைத்திருக்கிறேன். அலகு 10 அங்குலம், கனம் 6 மில்லிமீட்டர், முதுகில் ரம்பப் பற்கள், உள்ளே குழாயாக இருக்கும் பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டிலும், மூடியில் திசைகாட்டி. உங்கள் கருத்து? (இளம் காலாட்படை வீரர்)

ப: படம் அழகாக இருக்கிறது, தம்பி. கோட்டில் நடுக்கமே இல்லை. ஆனால் இந்தக் கத்தியை நான் செய்ய மாட்டேன். மறுபேச்சில்லாமல் செய்து தருகிறேன் என்று சொல்லும் கொல்லரிடமும் நீங்கள் போகாமல் இருந்தால் நல்லது.

முதலில் எடை. 25 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 6 மி.மீ. கனம் என்றால், சாணை பிடிப்பதற்கு முன்பு அந்த எஃகுத் துண்டு மட்டும் ஏறத்தாழ 470 கிராம். சாணையில் கொஞ்சம் போகும். பிடியும் உறையும் சேர்ந்து போனதற்கு மேலேயே திருப்பிக் கொடுக்கும். 18 செ.மீ., 3 செ.மீ., நாலரை மி.மீ. என்று எடுத்தால் அதே துண்டு 190 கிராம். மிச்சமாகும் எடைக்குத் தண்ணீர் தூக்கலாம். எடை கூடிய கத்தியை முதல் மாதம் இடுப்பில் கட்டுவீர்கள். இரண்டாம் மாதம் அது முதுகுப்பைக்குள் போகும். மூன்றாம் மாதம் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். என் முதல் கத்தி இந்த வழியில்தான் பயணம் செய்தது.

அடுத்தது கனம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தோடு நேராக ஏறுவதில்லை. கனத்தைக் கனத்தால் பெருக்கி, வந்ததை மறுபடியும் கனத்தால் பெருக்கினால் வரும் கணக்கில் ஏறும். 4 மி.மீ. இருந்ததை 6 மி.மீ. ஆக்கினால் எடை ஒன்றரை மடங்கு, விறைப்போ ஏறத்தாழ 3.4 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 6 மி.மீ. அலகால் ஒரு தடித்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பாருங்கள். கூர் உள்ளே போன பிறகு முதுகு ஆப்பாக நின்றுவிடும். கயிற்றிலும் கட்டையிலும் அதே கதைதான். கடப்பாரை வேண்டுமென்றால் கடப்பாரை வாங்கலாமே.

ரம்பப் பற்கள்: ரம்பம் அறுப்பதற்குக் காரணம் அதன் பற்கள் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்திருப்பதுதான். பல் போடும் சால் ரம்பத்தின் உடலைவிட அகலமாக இருப்பதால் அது சிக்காமல் ஓடுகிறது. கத்தியின் முதுகில் அப்படிச் செய்ய இடமில்லை. விரற்கடை ஆழம் போனதும் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்க ஓர் இடம். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையின் பொறியாளர் பிரிவுகளிடம் மரம் அறுப்பதற்காக ரம்ப முதுகுள்ள பயோனெட்டுகள் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகள்) இருந்தன. எதிர்த்தரப்பு அவற்றைச் சித்திரவதைக் கருவி என்று பார்த்தது. அதோடு எதிரியிடம் அகப்பட்டால் என்ன கதி என்ற பயம் ஜெர்மானிய வீரர்களிடம் பரவி, பல கத்திகளின் பற்கள் பின்னர் சாணையில் தேய்த்தே அகற்றப்பட்டன.

குழாய்ப் பிடி பற்றி இவ்வளவு போதும்: அதில் அலகு குழாயின் வாயில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத்தான் பற்றியிருக்கும். தீக்குச்சியைச் சட்டைப்பையில் வையுங்கள்.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். கொல்லரிடம் போவதற்கு முன் ஒரு மாதம், நீங்கள் கத்தியால் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கயிறு, வார், பொட்டலம், டின், முளைக்குச்சி சீவுதல், மறைப்புக்குக் கிளை வெட்டுதல், காயம்பட்டவரின் சட்டையைக் கிழித்தல், எதையாவது நெம்புதல். பெரிய படைகளே இதைக் கற்றுக்கொள்ள நாளானது. அமெரிக்கப் படை 1918-இல் விரல்களில் மாட்டிக்கொள்ளும் வெண்கலப் பிடியோடு ஒரு பதுங்குகுழிக் கத்தி செய்தது. பார்த்தால் நடுக்கம் வரும். அதை வைத்து ஒரு குச்சி சீவ முடியாது; பிடியில் விரலை நுழைத்த பிறகு கையை வேறு விதமாகத் திருப்பவும் வழியில்லை. 1942-இல் அமெரிக்க மரைன்களின் (கடல்வழி இறங்கித் தாக்கும் படையின்) ரெய்டர் என்ற அதிரடிப் பிரிவுக்கு மெல்லிய குத்துக்கத்தி கொடுத்தார்கள். அதன் துத்தநாகக் கலவைப் பிடி நாளடைவில் நொறுங்கியது. அலகோ அன்றாட வேலைக்கு உதவவில்லை. அதே ஆண்டின் இறுதியில் மரைன்கள் ஏற்றுக்கொண்டது 7 அங்குல அலகும் தோல் வட்டுகளை அடுக்கிய பிடியும் கொண்ட ஒரு கத்தி. ‘கா-பார்’ என்று உலகம் முழுவதும் அறியப்பட்டது அதுதான். அது சண்டைக்கும் ஆகும், டின் திறக்கவும் ஆகும். இன்றும் அது செய்யப்படுகிறது.

குறிப்பேட்டை எனக்கு அனுப்புங்கள். படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கே: அலகில் நீளமாக ஓடும் பள்ளம், குத்திய கத்தியை எளிதாக உருவுவதற்காகவா? (கல்லூரி மாணவர்)

ப: இல்லை. எடையைக் குறைக்க. ‘இரத்தப் பள்ளம்’ என்ற பெயரைக் கட்டியவர் கத்தி செய்தவராக இருக்க மாட்டார்.

கே: இரண்டு பக்கமும் கூருள்ள குத்துவாள் வடிவம்தான் உண்மையான படைக்கத்தி என்கிறார் என் நண்பர். ஒரு பக்கக் கூர் சமையலறைக்குரியதாம். (பழைய ஆயுதங்கள் சேகரிப்பவர்)

ப: உங்கள் நண்பர் மனத்தில் இருப்பது ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்தியாகத்தான் இருக்கும். வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் ஷாங்காய் நகராட்சிப் போலீசில் இருந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது அவர்கள் வடிவமைத்து, வில்கின்சன் சோர்ட் நிறுவனம் செய்து கொடுத்தது அது. அழகில் அதை மிஞ்ச இன்னொரு கத்தி பிறக்கவில்லை என்று நானே சொல்வேன். ஒரே ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையைச் செய்தது.

சிக்கல் மற்ற வேலைகளில் இருக்கிறது. இரு பக்கமும் கூர் வைத்தால் கனமான பகுதி நடுவில் ஒரு கோடாகக் குறுகிவிடும். முனை ஊசியாகி, பெட்டி மூடியை நெம்பினால் ஒடியும். முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடியாது. கட்டை பிளக்க முதுகில் தட்ட முடியாது. அமெரிக்க–கனடியக் கூட்டுச் சிறப்புப் படைக்காகச் செய்த வி-42 என்ற குத்துவாளிலும் இதே பாடம் உண்டு. பிடியின் அடியில் கூம்பாக ஒரு முள் வைத்தார்கள். அது அணிந்தவரின் சட்டையையே கிழித்தது.

நான் செய்வது ஒரு பக்கக் கூர்தான். முனையிலிருந்து முதுகில் ஒரு 5 செ.மீ. மட்டும் சரித்து விடுவேன், கூர் வைக்காமல். முனை வேண்டிய அளவு நுழையும், கட்டைவிரலுக்கும் இடம் இருக்கும். இதில் சமையலறையைப் பழிக்க என்ன இருக்கிறது? நாள் முழுவதும் கத்தி பிடிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கே: துருப்பிடிக்காத எஃகு நல்லதா, சாதாரண கார்பன் எஃகு நல்லதா? விளம்பரங்களில் வரும் எண்களையும் எழுத்துகளையும் பார்த்தால் தலை சுற்றுகிறது. (கடற்படையில் பணியாற்றும் வாசகர்)

ப: தலை சுற்ற வேண்டும் என்பதற்காகவே அச்சிடுகிறார்கள். எஃகிடம் கேட்க மூன்றே கேள்விகள். கூர் எவ்வளவு நாள் நிற்கும், அடித்தால் ஒடியாமல் தாங்குமா, துரு ஏறுமா. மூன்றுக்கும் முதல் மதிப்பெண் வாங்கும் எஃகை நான் பார்த்ததில்லை.

1095 என்ற எஃகில் 0.95 சதவீத அளவில் கார்பன். நல்ல கூர், எளிதில் தீட்டலாம், ஈரத்தில் ஒரே இரவில் சிவந்துவிடும். 5160 என்பது வண்டிகளின் வில்பட்டைக்கான எஃகு, கார்பன் 0.6 அளவில், கொஞ்சம் குரோமியம். அடி தாங்குவதில் கெட்டிக்காரன். தரையில் வேலை செய்பவர் கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு 5160 எடுப்பேன். டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம் இருந்தும், அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாகிவிடுவதால், துருவைத் தடுக்கப் போதுமான அளவு மிஞ்சுவதில்லை. கூர் நெடுநாள் நிற்கும். பக்கவாட்டில் நெம்பினால் ஒடியும் பயம் எனக்கு எப்போதும் உண்டு. 440சி, 154சிஎம் போன்ற துருப்பிடிக்காத எஃகுகள் துருவுக்குத் தாக்குப்பிடிக்கும். அடி தாங்குவதில் 5160-க்குப் பின்னால்தான் நிற்கும்.

நீங்கள் கடலில் இருப்பவர். உப்புக் காற்றில் கார்பன் எஃகை வைத்துக்கொண்டு தினமும் எண்ணெய்த் துணியோடு உட்கார உங்களுக்கு நேரம் இருக்காது. துருப்பிடிக்காத எஃகையே எடுத்துக்கொள்ளுங்கள். கனத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் கூட்டச் சொல்லுங்கள்.

கே: கையால் செய்த கத்தி என்று நம்பி வாங்கினேன். மூன்றாம் வாரம், ஒரு மரப்பெட்டியைத் திறக்கும்போது, பிடியை ஒட்டி ‘டக்’ என்று இரண்டாகப் போய்விட்டது. எஃகு மட்டமானதா? (பொறியாளர் படைப்பிரிவு வீரர்)

ப: உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை இழுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் போலவே உடைந்தவைதான் இதில் அதிகம். அலகின் நடுவில் உடைந்தவை கொஞ்சம், முனை போனவை கொஞ்சம். மீதியெல்லாம் பிடியை ஒட்டி உடைந்தவை.

பிடிக்குள் நுழையும் எஃகு நீட்சியை நாங்கள் பட்டறையில் ‘வால்’ என்போம். அலகு அகலமாக வந்து, வால் தொடங்கும் இடத்தில் சட்டென்று குறுகும். அந்தக் குறுகல் மூலையை அரத்தால் செங்கோணமாக வெட்டினால் பார்க்கத் துப்புரவாக இருக்கும். கைத்தடுப்பு (விரல் அலகின் மேல் வழுக்காமல் தடுக்கும் துண்டு) இடைவெளியில்லாமல் உட்காரும். ஆனால் நீங்கள் நெம்பும்போது வரும் இழுவிசை முழுவதும் அந்த மூலையில்தான் குவியும். துணியில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டு இழுத்தால் அங்கிருந்தே கிழிகிறதே, அப்படி. அந்த மூலையை வளைவாக, ஒரு பென்சில் உருளும் அளவுக்கு வளைவாக, விட்டிருந்தால் உங்கள் கத்தி இன்றும் பெட்டி திறந்துகொண்டிருக்கும்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. என் பெட்டியில் முதலில் விழுந்தது நானே செய்த கத்தி. பட்டறை தொடங்கிய இரண்டாம் ஆண்டு. என்னோடு பணியாற்றிய நண்பருக்குச் செய்து கொடுத்தேன். உறையில் அவர் பெயரின் முதலெழுத்தைக் கூடப் பொறித்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு தபால் உறையில் இரண்டு துண்டாக வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘நல்ல வேளை, டின்தான் திறந்துகொண்டிருந்தேன்.’ இன்றும் அந்தச் சீட்டு சாணைக்கு மேலே ஆணியில் குத்தியிருக்கிறது.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டாவது குற்றமும் தெரிந்தது. உடைந்த இடம் மங்கிய சாம்பல் நிறத்தில், வெல்வெட் துணி போல் நெருக்கமாக இருக்க வேண்டும். என்னுடையது சர்க்கரையைக் கொட்டியது போல் மின்னியது. அதாவது தோய்ச்சலுக்கு (சூடான அலகை எண்ணெயில் அமிழ்த்துவதற்கு) முன் உலையில் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டேன். 1095 போன்ற எஃகுக்கு 800 டிகிரி செல்சியஸ் ஒட்டிய சூடு போதும். நிறத்தைப் பார்த்துக் கணிக்கும் கொல்லர் காந்தத்தைப் பக்கத்தில் வைத்திருப்பார். 770 டிகிரி வாக்கில் எஃகு காந்தத்தை விட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் எண்ணெயில் இறக்கவேண்டும். நான் அன்று வெயில் விழும் இடத்தில் உலையை வைத்திருந்தேன். வெயிலில் எஃகின் சிவப்பு மங்கலாகத் தெரியும். ‘இன்னும் சூடாகவில்லை’ என்று துருத்தியை ஊதிக்கொண்டே போனேன். எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் வளர்ந்து பெருத்துவிட்டன. இப்போது என் உலை இருக்கும் மூலையில் சன்னலை அடைத்துவிட்டேன்.

எண்ணெயில் தோய்த்தவுடன் கத்தி கண்ணாடி போல் இருக்கும்; கீழே போட்டால் உடைந்தாலும் ஆச்சரியமில்லை. அதன் பிறகு 200 முதல் 260 டிகிரி வரை மிதமாகச் சூடாக்கி இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும், ஆறவிட்டு இன்னொரு தடவையும். அந்த இளக்கத்தில்தான் பதம் இருக்கிறது. படைக்கத்திக்கு, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில், 56-லிருந்து 58 வரை என்பது என் கணக்கு. சவரக் கத்தியின் கடினம் இதற்கு வேண்டாம். வாலையும் பிடியை ஒட்டிய பகுதியையும் இன்னும் கொஞ்சம் இளக்கி, நீலம் பாய விடுவேன். அங்கே எஃகு ஒடிவதைவிட வளையட்டும்.

ஆகவே, எஃகு மட்டமானதா என்று கேட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்வேன். நல்ல எஃகையும் இப்படிக் கெடுக்கலாம். உடைந்த முகத்தை அருகில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். செய்தவருக்கும் ஒன்று அனுப்புங்கள். நாணயமானவராக இருந்தால் உங்களைவிட அவர்தான் அதை அதிக நேரம் பார்ப்பார்.

கே: நான் ஓர் இளம் பெண் அதிகாரி. கிடைக்கும் கத்திகளின் பிடியெல்லாம் என் கைக்குப் பருமனாக இருக்கின்றன. கையால் செய்யச் சொன்னால் என்ன அளவு சொல்லவேண்டும்?

ப: இந்த ஒரு காரணத்துக்காகவே கையால் செய்த கத்தி கேட்கலாம். மற்றதெல்லாம் தொழிற்சாலையும் செய்யும். உங்கள் கையை அது பார்த்ததில்லை.

பிடியைச் சுற்றி விரல்களை மடக்குங்கள். நடுவிரலின் நுனி கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேட்டை மெல்லத் தொடவேண்டும். தொடாமல் இடைவெளி விட்டால் பிடி பருமன். சதைக்குள் குத்தினால் மெலிவு. நீளத்துக்கு, உள்ளங்கையின் அகலத்தை அளந்து அதோடு 2 செ.மீ. கூட்டுங்கள். கையுறை போட்டு வேலை செய்பவர் என்றால் இதையெல்லாம் கையுறையோடு அளக்கவேண்டும். இதைக் கேட்க மறந்துவிட்டு நான் இரண்டு பிடிகளை மறுபடி செய்திருக்கிறேன்.

குறுக்குவெட்டு வட்டமாக வேண்டாம், முட்டை வடிவம். இருட்டில் உருவும்போது கூர் எந்தப் பக்கம் என்று கண்ணைக் கேட்காமல் கையே சொல்லவேண்டும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடியை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு பிடிப்புக்குத்தான் அது பொருந்தும்.

பொருள் என்றால், துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய மைக்கார்ட்டா என் விருப்பம். நனைந்தால் இன்னும் பிடிமானம் கூடும் விசித்திரப் பொருள் அது. கண்ணாடியிழை அடுக்கிய ஜி-10 அதைவிடக் கெட்டி, ஆனால் ராவும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போடுவது செய்பவரின் பாடு. தோல் வட்டுப் பிடி கைக்கு இதம், தொடர்ந்த ஈரத்தில் அழுகும். மரம் வீங்கும், சுருங்கும், அழகாக இருக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கையில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு, கத்தியை உறையோடு பிடித்து, மரத்தில் முனையை முட்டி அழுத்துங்கள். கை முன்னால் வழுக்கினால் கைத்தடுப்பு போதவில்லை. இரண்டு பக்கமும் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும் தடுப்பும் வேண்டாம், கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு இருந்தால் போதும்.

கே: கத்தியில் பின்னோக்கி வளைந்த முட்கள் வைத்தால் எதிரிக்குக் கூடுதல் சேதம் வருமே, ஏன் யாரும் செய்வதில்லை? (பெயர் இல்லை)

ப: போரில் எது கூடும், எது கூடாது என்று சொல்லும் 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 23-ஆம் பிரிவு, தேவையற்ற வேதனையை உண்டாக்கும் ஆயுதங்களைத் தடை செய்கிறது. சட்டம் கிடக்கட்டும். பின்னோக்கிய முள் உங்கள் உறையிலேயே மாட்டிக்கொள்ளும். பெயர் போடாமல் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கே: உறைக்குத் தோல் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? (எல்லைக் காவலில் இருப்பவர்)

ப: கத்தி செய்பவர்கள் உறையைக் கடைசி நாளில் செய்வார்கள், அலுத்துப்போன கையோடு. நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். ஆனால் படைவீரர் கத்தியைத் தொடுவதைவிட உறையைச் சுமப்பதுதான் அதிகம்.

தோல் சத்தம் போடாது. இரவு நடையில் அந்த ஒன்றுக்காகவே அதை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அலகுக்கு ஊட்டும். காலணித் தோல் போலக் குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல் என்றால் துரு சீக்கிரம் வரும். மரப்பட்டைச் சாறில் பதப்படுத்தியது மேல். எதுவானாலும் மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கும்போது கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். கைடெக்ஸ் என்ற தகட்டைச் சூட்டில் இளக்கி, கத்தியின்மேல் அழுத்தி அச்செடுப்பார்கள். நனையாது, கழுவலாம். மணல் உள்ளே போனால் அலகைக் கீறும், நடக்கும்போது லொடலொடக்கும். லொடலொடப்பை உள்ளே மெல்லிய துணி ஒட்டி அடக்கலாம் என்பார்கள். அந்தத் துணி பிறகு ஈரத்தைப் பிடிக்கும்.

எதை எடுத்தாலும் அடியில் நீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள், கத்தி நழுவக்கூடாது. பிறகு முழுக் கவச உடையும் முதுகுப்பையும் போட்டுக்கொண்டு, படுத்து, உட்கார்ந்து, வண்டியில் ஏறி, இரண்டு கையாலும் மாறி மாறி உருவிப் பாருங்கள். பையின் இடுப்பு வாருக்குக் கீழே சிக்கிக்கொண்ட கத்தி, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த கத்திக்குச் சமம். நான் ஓராண்டு இடுப்பில் கட்டித் திரிந்ததை, விலா எலும்பில் பிடி குத்திக் குத்திக் கன்றிப்போன பிறகுதான், நெஞ்சுக்குக் குறுக்கே மாற்றினேன்.

கே: கத்தியை எறிந்து பழக வேண்டுமா?

ப: எறிந்த பிறகு உங்கள் கையில் என்ன இருக்கும்?

கே: என் மகன் படையில் சேர்ந்திருக்கிறான். அவனுக்குப் பரிசாக ஒரு நல்ல கத்தி செய்து கொடுக்க ஆசை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. (ஒரு தாய்)

ப: அம்மா, முதலில் மகனிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: அவன் பிரிவில் சொந்தக் கத்தி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, எவ்வளவு நீளம் வரை. பல பிரிவுகளில் அது மேலதிகாரியின் விருப்பம். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் விட மாட்டார்கள். ஆசையாகக் கொடுத்தது சரக்கறையில் பூட்டிக் கிடக்கக்கூடாது.

அனுமதி உண்டென்றால், அலகு 12 முதல் 15 செ.மீ. வரை, ஒரு பக்கக் கூர், மின்னாத மேற்பூச்சு. பெயர் பொறிக்க ஆசைப்படுவீர்கள். அலகில் வேண்டாம், ஆழமாக வெட்டிய எழுத்தும் விரிசலுக்கு வாசல்தான். பிடிக்குள், வாலின் மேல், மெல்லிய எழுத்தில் அமிலத்தால் பொறிக்கச் சொல்லுங்கள். அங்கே எழுதியிருப்பது உங்களுக்கும் அவனுக்கும் செய்தவருக்கும் மட்டும் தெரியும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு தந்தை வெறும் தேதி ஒன்றை மட்டும் எழுதச் சொன்னார். என்ன தேதி என்று நான் கேட்கவில்லை.

கே: கையால் செய்பவர் என்று சொல்லிக்கொள்பவர் உண்மையிலேயே தொழில் தெரிந்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (படைப்பிரிவின் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர்)

ப: ‘நீங்கள் செய்து உடைந்த கத்தி ஏதாவது இருக்கிறதா, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ‘என் கத்தி உடைந்ததே இல்லை’ என்றால் அவர் சோதித்ததே இல்லை என்று பொருள்.

1976-இல் தொடங்கிய அமெரிக்க வாள்கொல்லர் சங்கத்தில் முதல் படி ஏறவே ஒரு சோதனை உண்டு. செய்து கொண்டுவரும் கத்தியால், சும்மா தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும். பிறகு கட்டடத்துக்குப் பயன்படும் மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கத்தி கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியாக முனையைப் பிடிகருவியில் இறுக்கி, 90 டிகிரி வளைக்கவேண்டும், ஒடியக்கூடாது. நன்றாகச் செய்த கத்தி அங்கேயே வளைந்து போகும். அதுதான் தேர்வு.

நீங்கள் அவ்வளவு கேட்க வேண்டியதில்லை. ஒரு பித்தளைக் கம்பியைக் கொண்டு போங்கள். அதன்மேல் கத்தியின் கூரைச் சாய்வாக வைத்து மெல்ல அழுத்தினால், கூர் இம்மியளவு வளைந்து, எடுத்ததும் நிமிரவேண்டும். நிமிராமல் அப்படியே நின்றால் பதம் மெத்தனம். சில்லு தெறித்தால் பதம் அதிகம். ஒரு நல்ல அரத்தைக் கூர் ஓரமாக மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழுக்கப் பார்க்கவேண்டும், எளிதில் ஆழமாகக் கடிக்கக்கூடாது. வாலின் மூலை வளைவாக இருக்கிறதா என்று பிடி போடுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். வெளியில் ‘முழு வால்’ (பிடியின் முழு அகலத்துக்கும் ஓடும் வால்) தெரிவது போலக் காட்டி, உள்ளே தறையாணிகளைச் சுற்றி எஃகைச் சல்லடையாகத் துளைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. எடை குறைக்கிறோம் என்பார்கள்.

இவற்றையெல்லாம் செய்ய முகம் சுளிக்காதவரிடம் வாங்குங்கள். தாமதமாகும் என்று சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

கே: களத்தில் சாணைக்கல் இல்லாதபோது கத்தியை எப்படித் தீட்டுவது? (மலைப்பகுதியில் பணியாற்றும் வீரர்)

ப: பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் தெரியும். அதுவே நல்ல நுண்கல். கோப்பையும் இல்லையென்றால் காரின் கண்ணாடிக் கதவைப் பாதி இறக்கி, மேல் விளிம்பில் மெல்ல இழுக்கலாம்.

கோணம்தான் பலருக்குக் குழப்பம். கத்தியைக் கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாயுங்கள், அது 45. இன்னும் பாதி சாயுங்கள், 22 சொச்சம். படைக்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி போதும் என்பதால், அதிலிருந்து ஒரு மயிரிழை கீழே. பேனா மையால் கூர்ச்சரிவைக் கறுப்பாக்கிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை கூரின் ஓரத்தில் அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே அழிந்து ஓரத்தில் மிஞ்சியிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி, எண்ணிக்கை தவறாமல், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இடுப்பு வாரின் உட்பக்கத்தில் கூரைப் பின்னோக்கி ஒரு பத்துத் தடவை இழுத்துவிடுங்கள்.

மழுங்கிய பிறகு தீட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு நிமிட வேலை இரண்டு மணி நேரமாகிவிடும். கோப்பையைக் கழுவிவிட்டுக் குடியுங்கள், அடியில் எஃகுத் தூள் இருக்கும்.